விலகி நின்றார்கள்... கைவிடவில்லை! கொள்ளைநோய்க் காலத்தில் தேவாலயங்கள் செய்தது என்ன?

நத்தம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கினால், விவரம் தெரிந்தவர்கள் படியேற மாட்டார்கள். உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். தெருவில் நின்றபடியே நலம் விசாரிப்பார்கள். இளநீர் கொண்டுவந்தால் திண்ணையில் வைத்துவிட்டு நகர்வார்கள். அந்த வீட்டை ஊர் ஒதுக்கிவைத்துவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. விலகி நிற்பது வேறு, கைவிடுவது வேறு என்பது நம் ஊர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இந்த வித்தியாசம்தான் கொள்ளைநோய் வரும்போதெல்லாம் முதலில் மறந்துபோகிறது. கொரோனா காலத்தில் அதைக் கண்ணெதிரே பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொற்று என்றதும் தெருவையே தகரம் வைத்து அடைத்தார்கள். வெளியூரிலிருந்து திரும்பிய சொந்தப் பிள்ளைகளை ஊருக்குள் விடத் தயங்கிய இடங்களும் உண்டு. அப்படிப் பயம் ஊரைப் பிடிக்கும்போது வழிபாட்டுத் தலங்கள் என்ன செய்கின்றன? குறிப்பாக, மருத்துவமனைகளும் பள்ளிகளும் கல்லறைத் தோட்டங்களும் வைத்திருக்கும் தேவாலயங்கள் என்ன செய்தன? எங்கே சரியாக நடந்துகொண்டன, எங்கே சறுக்கின?

மாரியம்மனும் செபஸ்தியாரும்

நத்தம் என்றதும் மாம்பழம், புளிக்கு அடுத்து நினைவுக்கு வருவது மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா. மஞ்சள் உடுத்திக் காப்புக் கட்டிய பக்தர்கள் பூக்குழி இறங்குவார்கள். கழுமரம் ஏறுவதைப் பார்க்கச் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். அம்மைக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய தலைமுறைகள் கைகூப்பி நின்ற தெய்வம் மாரியம்மன்.

நத்தத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திண்டுக்கல். அங்கே முத்தழகுபட்டியில் புனித செபஸ்தியார் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் மாதத் திருவிழாவில் மக்கள் ஆடு, கோழி, அரிசி, காய்கறி என்று காணிக்கை கொண்டுவந்து கொட்டுவார்கள். எல்லாம் அண்டா அண்டாவாகச் சமைக்கப்பட்டு, இரவெல்லாம் அன்னதானம் நடக்கும். பந்தியில் யார் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தச் செபஸ்தியார் யார்? பழைய ரோமப் பேரரசில் படைவீரராக இருந்தவர். கிறிஸ்தவ நம்பிக்கைக்காக அவரைக் கட்டிவைத்து அம்பெய்தார்கள் என்கிறது மரபு. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வந்து தைக்கும் அம்பைப் போன்றது கொள்ளைநோய் என்று அந்தக் கால மக்கள் நம்பினார்கள். அதனால் அம்பு தைத்தும் சாகாத செபஸ்தியார், கொள்ளைநோயிலிருந்து காப்பவர் ஆனார். 7ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பிளேக் பரவியபோதே அவரிடம் வேண்டிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பிற்காலத்தில் ஐரோப்பியப் பாதிரிமார்களோடு கடல் கடந்து நம் ஊர்களுக்கும் வந்துசேர்ந்தார்.

நத்தத்தில் மாரியம்மன், முத்தழகுபட்டியில் செபஸ்தியார். வேண்டுதலின் வடிவம் வேறு. அடியில் இருந்த பயம் ஒன்றுதான். ஆனால், வேண்டிக்கொண்டதோடு கதை முடிந்துவிடவில்லை.

கோயில் கதவை மூடிய பாதிரியார்கள்

'நோய் வந்தால் கோயிலை மூடுவதா? அப்போதுதானே திறந்திருக்க வேண்டும்?' 2020இல் பலர் ஆதங்கத்தோடு கேட்ட கேள்வி இது. உண்மையில், கொள்ளைநோய்க் காலத்தில் கதவை மூடுவது தேவாலயங்களுக்குப் புதிதல்ல.

1576இல் இத்தாலியின் மிலான் நகரத்தைப் பிளேக் தாக்கியது. வீட்டைவிட்டு யாரும் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. அப்போது அங்கே பேராயராக இருந்தவர் சார்லஸ் பொரோமியோ. மக்களைக் கோயிலுக்கு அழைப்பதற்குப் பதிலாக, கோயிலைத் தெருவுக்குக் கொண்டுவந்தார் அவர். தெருமுனைகளில் பீடம் அமைத்துத் திருப்பலி நடந்தது. மக்கள் அவரவர் வீட்டு ஜன்னலிலிருந்தே கலந்துகொண்டார்கள். நாம் செல்போனில் பூசை பார்த்தோமே, அதற்கு 400 ஆண்டுகளுக்கும் முந்தைய வடிவம் அது.

1665இல் இங்கிலாந்தின் ஈம் என்ற சிறு கிராமத்துக்கு லண்டனிலிருந்து ஒரு துணி மூட்டை வந்தது. அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகளோடு பிளேக்கும் வந்தது என்பார்கள். முதலில் தையல்காரர் வீட்டில் சாவு. பிறகு வீடு வீடாக. ஊரைவிட்டு ஓட மக்கள் மூட்டை கட்டியபோது, வில்லியம் மொம்பெசன் என்ற இளம் போதகர் அவர்களைத் தடுத்தார். 'நாம் ஓடினால் நோயும் நம்மோடு சுற்றுக் கிராமங்களுக்குப் போகும். அதனால் நாமே எல்லை போட்டுக்கொள்வோம்' என்பது அவர் முன்வைத்த யோசனை. அவருக்கும் முன்பு அங்கே போதகராக இருந்த தாமஸ் ஸ்டான்லியும் அவரோடு சேர்ந்து நின்றார். இரண்டு பேருக்கும் சமயக் கருத்துகளில் ஒத்துப்போகாது. ஆனாலும் ஊருக்காக ஒன்றானார்கள்.

ஆலயத்துக்குள் கூடுவது நின்றது. திறந்தவெளியில் குடும்பம் குடும்பமாக இடைவெளி விட்டு நின்று ஜெபித்தார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லைக் கல்லருகே உணவை வைத்துவிட்டுப் போனார்கள். அதற்கான காசைக் கிராமத்தினர் வினிகரில் போட்டு வைத்தார்கள். சுமார் 14 மாதங்களில் அந்தச் சின்னஞ்சிறு ஊரில் ஏறக்குறைய 260 பேர் இறந்தார்கள். போதகரின் மனைவியும் அதில் ஒருவர். ஆனால், சுற்றியிருந்த ஊர்கள் தப்பின.

இதற்கெல்லாம் முன்பே, 1527இல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் பிளேக் வந்தபோது, சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் இதே கேள்விக்கு ஒரு நீண்ட கடிதத்தில் பதில் எழுதினார். கொள்ளைநோய் வந்தால் ஓடலாமா, கூடாதா? அவர் பதிலின் சாரம் இதுதான்: மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், வேலையில்லாத இடத்துக்குப் போய் நோயை வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஆனால், நோயில் விழுந்த அடுத்தவருக்கு நம் உதவி தேவை என்றால் தயங்காமல் போக வேண்டும்.

மிலான், ஈம், விட்டன்பர்க் மூன்று இடங்களிலும் கேட்ட குரல் ஒன்றுதான்: கூட்டம் சேராதே, ஆளைக் கைவிடாதே.

திண்டுக்கல் முதல் யாழ்ப்பாணம் வரை

நம் பக்கத்தில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டை விடாமல் துரத்தியது காலரா. மக்கள் வாயில் அது வாந்திபேதி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில், பசியால் இறந்தவர்களோடு அதன் பின்னாலேயே வந்த காலராவால் இறந்தவர்களும் ஏராளம். காலராவுக்குக் காரணமான கிருமியை விஞ்ஞானி ராபர்ட் கோக் கல்கத்தாவில் உறுதி செய்தது 1884இல்தான். அதுவரை எதனால் வருகிறது என்றே தெளிவாகத் தெரியாத நோய் அது.

அந்தக் காலத்தில் திண்டுக்கல்லில் தங்கி, மருந்தகம் நடத்தி நோயாளிகளைப் பார்த்தவர் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் செஸ்டர். போதகராகவும் மருத்துவராகவும் இருந்தவர். தெற்கே இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூரில், லண்டன் மிஷன் 1838லேயே மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தது. கல்லுக்கட்டட ஆஸ்பத்திரி என்றால் என்னவென்றே தெரியாத பல ஊர்களில், மக்கள் முதலில் பார்த்த இங்கிலீஷ் மருந்து மிஷன் ஆஸ்பத்திரி மருந்துதான்.

கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் நடந்தது இன்னும் முக்கியமானது. 1847இல் அங்கே வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். போகப்போக ஒன்றைப் புரிந்துகொண்டார். இங்கிலீஷில் படித்தவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். ஊருக்குள் இருந்து வைத்தியம் பார்க்க வேண்டுமானால் தமிழில் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழில் மொழிபெயர்த்தார், கலைச்சொற்களை உருவாக்கினார். உடம்பைப் பற்றியும் நோயைப் பற்றியும் மக்களுக்குத் தெரிந்த மொழியில் பேசியதுதான் அவருடைய பெரிய மருந்து. வாட்ஸ்அப் வதந்தி நோயைவிட வேகமாகப் பரவும் இந்தக் காலத்தில் அதன் அருமை நமக்கு நன்றாகவே புரியும்.

பல கத்தோலிக்கப் பங்குகளில் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபைக்கும் கொள்ளைநோய்க்கும் ஒரு தொடர்பு உண்டு. 1832இல் பாரீஸ் நகரத்தில் காலரா பரவி ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயதுக் கல்லூரி மாணவரும் அவர் நண்பர்களும் ஏழைகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்து தொடங்கியதே இந்தச் சபை. இன்றும் அதன் உறுப்பினர்கள் இரண்டு இரண்டு பேராக வீடு தேடிப் போகிறார்கள்.

இந்தியாவில் சிதறிக் கிடந்த கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒரே அமைப்பாக இணைத்ததும் ஒரு சிஸ்டர்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து 1920இல் குண்டூருக்கு வந்த மருத்துவர் மேரி குளோரி 1943இல் போட்ட விதை அது. அந்த விதையின் பலன் 2020இல் தெரிந்தது.

60,000 படுக்கைகள்

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. புனித வாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. குருத்தோலை ஞாயிறு ஊர்வலம் இல்லை. ஏப்ரல் 10 பெரிய வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 12 ஈஸ்டர் இரண்டுக்கும் ஆலயங்கள் காலியாகவே இருந்தன. பங்குத்தந்தையும் கோயில் பிள்ளையும் இரண்டொருவரும் மட்டும் நின்ற திருப்பலியை மக்கள் வீட்டிலிருந்து செல்போனில் பார்த்தார்கள். மார்ச் 27 அன்று வாடிகனில் மழை பெய்துகொண்டிருந்த வெறும் சதுக்கத்தில் போப் பிரான்சிஸ் தனியாக நின்று ஜெபித்த காட்சி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு வேளாங்கண்ணித் திருவிழாகூட வெளியூர்ப் பக்தர்கள் இல்லாமல்தான் நடந்தது. கடற்கரை நிறையக் காவி உடையோடு நடந்து வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் புரியும்.

ஆலயங்கள் மூடியிருந்தன, ஆஸ்பத்திரிகள் திறந்திருந்தன. நாடு முழுவதுமுள்ள கிறிஸ்தவ மருத்துவ அமைப்புகள் சேர்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளையும் சுமார் 60,000 படுக்கைகளையும் கொரோனா சிகிச்சைக்குத் தரத் தயார் என்று அரசிடம் தெரிவித்தன. இவற்றில் பல, பெரிய நகரங்களில் இருப்பவை அல்ல. பஸ் ஒருநாளைக்கு நான்கு முறை வரும் ஊர்களில், சில சிஸ்டர்கள் நடத்தும் சிறிய ஆஸ்பத்திரிகள்.

வேலூர் சி.எம்.சி. செய்த வேலை இன்னொரு வகை. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது. 2021இல் தடுப்பூசியைப் பற்றி ஆயிரம் சந்தேகங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, சி.எம்.சி. தன் ஊழியர்கள் 10,600 பேரின் விவரங்களை ஆராய்ந்து வெளியிட்டது. இரண்டு டோஸும் போட்டவர்களுக்குத் தொற்றிலிருந்து 65 சதவிகிதமும், ஆஸ்பத்திரியில் சேரும் நிலையிலிருந்து 77 சதவிகிதமும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் நிலையிலிருந்து 94 சதவிகிதமும் பாதுகாப்பு கிடைத்தது என்று தெரிந்தது. அந்தக் காலகட்டத்தில் இறந்த ஒரே ஊழியர், தடுப்பூசி போடாதவர். நம்பிக்கையையும் விஞ்ஞானத்தையும் எதிரெதிரே நிறுத்தத் தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா?

சறுக்கிய இடங்களும் உண்டு

நல்லதை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். தேவாலயங்களே நோயைப் பரப்பிய சம்பவங்களும் இருக்கின்றன.

2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் தேகு நகரில், நெருக்கமாக உட்கார்ந்து ஜெபித்த ஒரு மதக் குழுவின் கூட்டங்கள் மூலம் கொரோனா பரவியது. அதோடு தொடர்புடைய தொற்றுகள் மட்டும் 5,000க்கும் மேல். 2021 ஏப்ரலில், இரண்டாம் அலை எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில், கேரளத்தின் மூணாறில் நூற்றுக்கணக்கான போதகர்கள் கலந்துகொண்ட ஆண்டுக் கூடுகை நடந்தது. ஊருக்குத் திரும்பிய பலருக்குத் தொற்று. சிலர் உயிரோடு மீளவில்லை. ஆறுதல் சொல்ல வேண்டியவர்களையே ஒரு கூட்டம் பறித்துக்கொண்டது.

இன்னும் வேதனையான சம்பவம் 1976இல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில், யாம்புக்கு என்ற ஊரில் நடந்தது. பெல்ஜியம் சிஸ்டர்கள் நடத்திய மிஷன் ஆஸ்பத்திரி அது. சுற்றுவட்டாரத்துக்கே அதுதான் கதி. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் வந்த இடத்தில் ஊசிகள் சிலவே இருந்தன. ஒருவருக்குப் போட்ட ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் அடுத்தவருக்கும் போட்டார்கள். அந்த ஊசி வழியாகத்தான், பின்னாளில் எபோலா என்று பெயர் பெற்ற நோய் ஊர் ஊராகப் பரவியது. 318 பேர் பாதிக்கப்பட்டு 280 பேர் இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த 17 பேரில் 11 பேரை அந்த நோய் கொண்டுபோனது. சிஸ்டர்களும் அதில் அடக்கம்.

அவர்களின் மனசில் குறையில்லை. உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள் அவர்கள். ஆனால், நல்ல மனசு கிருமியைக் கொல்லாது. சுத்தமான ஊசியும் சரியான பயிற்சியும் வேண்டும். உதவி செய்யக் கிளம்பும் ஒவ்வொரு இளைஞர் இயக்கமும் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.

கல்லறை வாசலில் நடந்தது

கொள்ளைநோய்க் காலத்தில் மனிதர்களை உடைப்பது நோய் மட்டுமல்ல. கடைசியாக ஒரு முறை முகம் பார்க்க முடியாமல் போவது, ஒரு பிடி மண் போட முடியாமல் போவது.

2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் கொரோனாவால் ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் இறந்தார். கிறிஸ்தவரான அவருடைய உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடானது. செய்தி பரவியதும் எதிர்ப்பு. வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் அங்கே கூட்டம் கல்லால் அடித்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்களின் தலையில் ரத்தம். குடும்பத்தார் அருகில் இருக்க முடியாத நிலையில், உடன் பணிபுரிந்த ஒரு மருத்துவர் உதவியாளர்களோடு நள்ளிரவில் வேலங்காட்டில் அவரை அடக்கம் செய்தார். எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றியவருக்கு ஆறடி மண்ணுக்கு அவ்வளவு போராட்டம். தமிழ்நாடே தலைகுனிந்த இரவு அது.

அதற்கு ஒரு வாரத்தில், தொற்றுநோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு 1 முதல் 3 ஆண்டுகள் வரை சிறை என்று தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் தேவைதான். ஆனால், கல்லெடுத்தவர்களின் கையில் இருந்தது வெறும் பயம். 'புதைத்தால் மண் வழியாக நோய் வரும்' என்று யாரோ சொன்னதை நம்பியவர்கள். அந்தப் பயத்தைச் சட்டம் தண்டிக்கும், தீர்க்காது. முன்கூட்டியே, அந்தத் தெருவுக்குத் தெரிந்த ஒருவர், அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்லியிருந்தால் அந்தக் கல் கீழே விழுந்திருக்கலாம்.

இது வெறும் ஆசை அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்து காட்டிய விஷயம். 2014இல் அங்கே எபோலா பரவியபோது, இறந்தவரின் உடலைக் கழுவி, தொட்டு, முத்தமிட்டு வழியனுப்பும் வழக்கமே நோயைப் பரப்பியது. புதிய தொற்றுகளில் ஐந்தில் ஒன்றாவது சாவு வீட்டிலிருந்து வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. முதலில் அதிகாரிகள் முழுக்கவச உடையோடு வந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, அள்ளிக்கொண்டு போனார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? உடல்களை ஒளித்துவைத்து ராத்திரியில் புதைத்தார்கள். நோய் இன்னும் பரவியது.

அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் புதிய வழிமுறையை வெளியிட்டது. உலகத் திருச்சபைகள் மன்றம், கத்தோலிக்கத் திருச்சபையின் காரித்தாஸ், இஸ்லாமிக் ரிலீப் போன்ற அமைப்புகளோடு உட்கார்ந்து பேசி உருவாக்கிய வழிமுறை அது. உடலைத் தொடக்கூடாது என்பது மாறவில்லை. ஆனால், குடும்பத்தாரிடம் பேசாமல் அடக்கம் இல்லை. குழி வெட்டுவதில் அவர்களும் பங்கெடுக்கலாம். தள்ளி நின்று ஜெபிக்கலாம். பாதிரியாரோ இமாமோ வரலாம். கல்லறைக்குப் பெயர் உண்டு. மரியாதை கிடைக்கும் என்று தெரிந்ததும், ஒளித்துவைக்கும் அவசியம் குறைந்தது. 11,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்த நோயைக் கட்டுப்படுத்தியதில் இந்த மரியாதைக்கும் பங்குண்டு.

அடுத்த முறை வந்தால்?

பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980இல் உலகம் அறிவித்தது. கொரோனா அடங்கிவிட்டது. ஆனால், இன்னொரு கொள்ளைநோய் வராது என்று எந்த மருத்துவரும் உத்தரவாதம் தரமாட்டார். வந்தால், நத்தம் போன்ற ஊர்களில் ஒரு பங்கோ சபையோ என்ன செய்ய முடியும்? பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். ஏற்கெனவே கையில் இருப்பதே போதும்.

முதலாவது, பெயர்கள். கத்தோலிக்கப் பங்குகளில் 20, 30 குடும்பங்களுக்கு ஓர் அன்பியம் இருக்கிறது. எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார், யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் கைக்குழந்தை, யாருடைய பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே எல்லோருக்கும் தெரியும். அரசாங்கம் கணக்கெடுத்து முடிப்பதற்குள் அன்பியத் தலைவி வாயாலேயே சொல்லிவிடுவார். அதை ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும். அந்த நோட்டில் பக்கத்து வீட்டு முத்தம்மாவும் பாத்திமாவும் இடம்பெற வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, குரல். ஆலய மணியும் ஒலிபெருக்கியும் சபையின் வாட்ஸ்அப் குழுவும் திருவிழா அறிவிப்புக்கு மட்டுமல்ல. சந்தேகமான தகவல் வந்தால் பகிர்வதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 104 எண்ணிலோ கேட்டுவிட்டு, சரியானதைச் சொல்லலாம். மூச்சுத் திணறினால் ஜெபத்துக்கு முன் 108ஐ அழையுங்கள் என்று பங்குத்தந்தையே சொன்னால் அந்த வார்த்தைக்குத் தனி எடை. 'இந்த வாரம் கோயிலுக்கு வராதீர்கள்' என்று சொல்லும் துணிச்சலும் அவருக்கு வேண்டும். ஈம் கிராமத்துப் போதகர் சொன்னது அதைத்தான்.

மூன்றாவது, இடம். பெரும்பாலான ஆலயங்களுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியோ சமூகக் கூடமோ இருக்கும். ஒரே அறை வீட்டில் ஆறு பேர் இருக்கும் குடும்பத்தில் 'தனிமைப்படுத்திக்கொள்' என்றால் எங்கே போவார்கள்? அந்தக் கூடம் அவர்களுக்குத் தங்குமிடமாகலாம், தடுப்பூசி முகாம் ஆகலாம், சமையற்கூடம் ஆகலாம். திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோருக்குச் சமைக்கத் தெரிந்த ஊர்களுக்குப் பொட்டலம் கட்டுவது பெரிய வேலையா என்ன?

நான்காவது, கல்லறைத் தோட்டம். நோய் வந்த பிறகு யோசிப்பதற்குப் பதிலாக, எப்படி அடக்கம் நடக்கும், யார் கவச உடை போடப் பயிற்சி எடுப்பார்கள், சுற்றி வசிப்பவர்களிடம் யார் பேசுவார்கள் என்பதை முன்பே முடிவு செய்யலாம். சொந்தமாகக் கல்லறை இல்லாத சிறு சபைக்காரர் இறந்தால் அவரும் கௌரவமாக அடங்க ஓர் இடம் உண்டு என்று பெரிய பங்குகள் இப்போதே சொல்லிவைக்கலாம்.

ஐந்தாவது, துக்கம். கொரோனாவில் பத்துப் பேர் மட்டும் நின்று வழியனுப்பிய உறவுகளை நினைத்து இன்னும் மனம் ஆறாத குடும்பங்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவத்தி ஏற்றலாம். வழக்கமான நினைவுத் திருப்பலியை விட்டுப்போன அடக்கத்துக்கான வழியனுப்புதலாக நடத்தலாம். அதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.

இவை எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. நம்பிக்கை தேவை. ஊர் எந்த வாயிலிருந்து வரும் சொல்லை நம்புகிறதோ, அந்த வாய் என்ன சொல்கிறது என்பதில்தான் உயிர்கள் இருக்கின்றன. 'வாருங்கள், ஒன்றும் ஆகாது' என்று சொன்ன இடங்களில் நோய் பரவியது. 'தள்ளி நில்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லி, சொன்னபடியே பார்த்துக்கொண்ட இடங்களில் ஊர் பிழைத்தது.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு தேடும்போது, உங்கள் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'நம்ம தெருக்கள்ல தனியா இருக்குற வயசானவங்க எத்தனை பேர் சாமி, லிஸ்ட் இருக்கா?' இல்லை என்றால், அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.